ஸ்பைடர்மேன்: காமிக்ஸில் இருப்பவனும் திரையில் வருபவனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த காமிக்ஸை வைத்து ஒப்பிடுவது?

முதல் கதை 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேண்டஸி' 15ஆம் இதழில் வந்தது. ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் 11 பக்கத்தில் சொல்லி முடித்தார்கள். அடுத்த ஆண்டு 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' தனித் தொடராகத் தொடங்கியது. இந்த உலகத்தைத்தான் ரசிகர்கள் எர்த்-616 என்கிறார்கள். 2000இல் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் மார்க் பாக்லியும் அதே கதையைப் புது வாசகர்களுக்காக முதலிலிருந்து தொடங்கினார்கள். அது 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'.

படங்கள் இரண்டிலிருந்தும் எடுக்கின்றன. "இது காமிக்ஸில் இல்லை" என்று வரும் புகார்களில் பல, அல்டிமேட் தொடரைப் பார்க்காததால் வருபவை. கதிர்வீச்சு பட்ட சிலந்திக்குப் பதில் ஆய்வகத்தில் மாற்றியமைத்த சிலந்தி கடிப்பது அப்படிப்பட்ட ஒன்று. ஆண்டுகளைச் சரிபார்க்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அட்டையில் அச்சான மாதம், இதழ் கடைக்கு வந்த மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தியே இருக்கும். கீழே வரும் தேதிகள் பெரும்பாலும் அட்டைத் தேதிகள்.

டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், டாம் ஹாலண்ட் – யார் காமிக்ஸுக்கு மிக நெருக்கம்?

மக்வயர் 2002, 2004, 2007 படங்களிலும், கார்ஃபீல்ட் 2012, 2014 படங்களிலும், ஹாலண்ட் அதற்குப் பிந்தைய மார்வெல் படங்களிலும் ஸ்பைடர்மேனாக நடித்தவர்கள். யார் நெருக்கம் என்பது, எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சண்டைக்கு நடுவே எதிராளியைக் கேலி செய்துகொண்டே இருக்கும் வாய்த்துடுக்கு கார்ஃபீல்டிடமும் ஹாலண்டிடமும் உண்டு. மக்வயர் அதிகம் பேசாதவர். வாடகை கட்ட முடியாமல் தவிப்பது, வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவது, வாக்கு கொடுத்த இடத்துக்குப் போக முடியாமல் போவது – இவை மக்வயர் படங்களில்தான் நிறைய. பள்ளிப் பையன் என்ற வயது ஹாலண்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் காமிக்ஸில் பீட்டர் பார்க்கர் (முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மேன்) 28ஆம் இதழிலேயே, 1965இல், பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறான். நூற்றுக்கணக்கான இதழ்களில் அவன் கல்லூரி மாணவன், பிறகு வேலைக்குப் போகும் இளைஞன். "ஸ்பைடர்மேன் என்றால் பள்ளி மாணவன்" என்ற எண்ணம் அல்டிமேட் தொடரும் படங்களும் உருவாக்கியது.

உடையும் வயதும் எங்களுக்கு இரண்டாம்பட்சம். நாங்கள் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நடந்த இழப்பில் பீட்டரின் சொந்தத் தவறு எவ்வளவு? அந்தக் குற்றவுணர்ச்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுவரேறும் ஒரு பையன் மட்டுமே.

"பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும்" – இதைச் சொன்னவர் பீட்டரை வளர்த்த அங்கிள் பென்தானே?

முதல் கதையில் அதை யாரும் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில், பீட்டர் தலைகுனிந்து தெருவில் நடந்து போகும்போது, கதைசொல்லியின் வரியாக அது வருகிறது. பென்னுக்கு அந்த 11 பக்கத்தில் மிகச் சில வரிகளே. பிற்கால காமிக்ஸில் அந்த வாக்கியம் மெல்ல மெல்ல பென்னின் வாய்க்குப் போனது. 2002 படத்தில் காரில் உட்கார்ந்து அவரே சொன்னதும் உலகம் முழுக்க அப்படியே பதிந்துவிட்டது. 2012 படத்தில் பென் அதே கருத்தை வேறு சொற்களில் சுற்றிச் சொல்கிறார். 2021இன் 'நோ வே ஹோம்' படத்தில் சாகும் தறுவாயில் பீட்டரை வளர்த்த ஆன்ட்டி மே சொல்கிறார்.

பென் சாகும் சம்பவத்தைப் படங்கள் சரியாக எடுத்தனவா?

இந்த ஒரு சம்பவத்தைப் பார்த்தால் போதும், ஒவ்வொரு இயக்குநரும் பீட்டரை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது தெரிந்துவிடும்.

காமிக்ஸில் பீட்டர் தொலைக்காட்சியில் பெயர் வாங்கிவிட்டான். நிலையத்தின் நடைக்கூடத்தில் ஒரு திருடன் ஓடிவருகிறான். பின்னால் துரத்திவரும் காவலர் "பிடி" என்று கத்துகிறார். பீட்டர் விலகி நிற்கிறான். கேட்டால், இனி என்னை மட்டும்தான் பார்த்துக்கொள்வேன் என்கிறான். அந்தக் காவலர் அவனுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. பெயரும் பணமும் வரத் தொடங்கிய மிதப்பு, அவ்வளவுதான். பிறகு அதே திருடன் வீட்டில் புகுந்து பென்னைக் கொல்கிறான்.

2002இல் சாம் ரைமி இங்கே ஒரு காரணத்தைச் செருகினார். மல்யுத்தத்தில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3,000 டாலர் என்று அறிவிப்பு. இரண்டு நிமிடத்தில் ஜெயித்துவிட்டாய் என்று சாக்குச் சொல்லி 100 டாலரைக் கையில் திணிக்கிறான் அமைப்பாளன். அடுத்த நொடி அவனைக் கொள்ளையடித்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான், பீட்டர் விடுகிறான். அரங்கில் இருக்கும் நாமும் "நல்லா வேணும்" என்று நினைக்கிறோம். பார்வையாளரையும் உடந்தையாக்கும் புத்திசாலித்தனமான மாற்றம். ஆனால் பீட்டரின் குற்றம் ஒரு படி குறைந்துவிடுகிறது.

2012இல் மார்க் வெப் இன்னும் குறைத்தார். பால் வாங்கப் போன பீட்டரிடம் இரண்டு சென்ட் குறைவு. கடைக்காரர் தர மறுக்கிறார். பிறகு அந்தக் கடையில் ஒருவன் திருடுகிறான், பீட்டர் தடுக்கவில்லை. தெருவில் அவனைத் தேடிவந்த பென் அந்தத் திருடனிடம் மல்லுக்கட்டிச் சுடப்படுகிறார். கொன்றவனைத் தேடும் கதை பாதியிலேயே காணாமல் போகிறது.

மிகப் பெரிய சேதம் 2007இன் மூன்றாம் படத்தில். பென்னைச் சுட்டது அந்தத் திருடன் இல்லை, அவன் கூட்டாளி ஃபிளின்ட் மார்க்கோ – அதாவது சேண்ட்மேன் – என்று மாற்றினார்கள். துப்பாக்கியும் தவறுதலாக வெடித்தது என்றார்கள். தப்பவிடப்பட்ட திருடன் ஓடிவந்து இடித்ததால்தான் வெடித்தது என்பதால் இணைப்பு முழுக்க அறுந்துவிடவில்லை. என்றாலும், நான் விட்டவன் கொன்றான் என்ற நேர்க்கோடு போய்விட்டது. காமிக்ஸில் சேண்ட்மேனுக்கும் பென்னின் சாவுக்கும் சம்பந்தமே கிடையாது.

பீட்டரின் அப்பா அம்மா மர்மம் காமிக்ஸில் உண்டா?

உண்டு, ஆனால் ஓரமாக. 1968இன் ஐந்தாம் ஆண்டு மலரில் அவர்கள் அரசாங்க உளவாளிகள் என்று வருகிறது. 2014 படம் அதை எங்கேயோ கொண்டுபோனது: சிலந்திகளில் அப்பா தன் மரபணுவைக் கலந்திருந்தார், எனவே சக்தி பார்க்கர் இரத்தத்துக்குத்தான் வேலை செய்யும். இது கதையின் அடித்தளத்தையே இடிக்கும் மாற்றம். டிட்கோவின் பீட்டரை அந்தச் சிலந்தி கடித்தது தற்செயல். அந்த அரங்கில் நின்ற எந்த மாணவனையும் கடித்திருக்கலாம்.

மணிக்கட்டிலிருந்து வலை தானாக வருமா, கருவி வேண்டுமா?

காமிக்ஸில் கருவி. இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று. உள்ளங்கைப் பக்கம் ஒரு விசை. நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கி அதை இருமுறை தட்டினால்தான் வலை பாயும். முஷ்டியை மடக்கிக் குத்தும்போது வலை தெறித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்தக் கை முத்திரைக்கும் காரணம் இதுதான். திரவத்தைப் பீட்டரே தயாரிக்கிறான். இடுப்புப் பட்டையில் மாற்றுக் குப்பிகள் இருக்கும். பாய்ந்த வலை சுமார் ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகும். சண்டையின் நடுவே திரவம் தீர்ந்துவிடுவது எழுத்தாளர்கள் அடிக்கடி கையாளும் திருப்பம்.

தானாக வரும் வலை ரைமியின் படத்துக்கு முன்பே ஜேம்ஸ் கேமரூன் எழுதி வைத்த திரைக்கதைக் குறிப்பில் இருந்தது. படம் வெற்றி பெற்றதும் 2004இல் காமிக்ஸ் பீட்டருக்கும் உடலிலிருந்தே வலை வரத் தொடங்கியது; சில ஆண்டுகளில் மறுபடி கருவிக்குத் திரும்பினார்கள். கருவி போனால் என்ன நஷ்டம்? பீட்டர் ஒரு கண்டுபிடிப்பாளன் என்பது கண்ணில் படாமல் போகிறது. ரைமி படங்களில் அவன் அறிவாளி என்று பிறர் சொல்லித்தான் கேட்கிறோம். 2012 படத்தில் கருவி அவனுடையது, ஆனால் உள்ளே இருக்கும் இழை ஆஸ்கார்ப் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. ஹாலண்ட் பள்ளி வேதியியல் ஆய்வகத்திலேயே திரவம் கலக்கிறான். இந்த விஷயத்தில் அவனே காமிக்ஸுக்கு நெருக்கம்.

பாலத்திலிருந்து விழுந்தது மேரி ஜேனா, க்வென்னா?

616 காமிக்ஸில் பீட்டரின் அன்றைய காதலி க்வென் ஸ்டேசி; தள்ளியவன் வில்லன் கிரீன் காப்ளின். 1973 ஜூன், 121ஆம் இதழ். எழுத்து ஜெர்ரி கான்வே, ஓவியம் கில் கேன். வசனத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கும், வரைந்திருப்பது ப்ரூக்ளின் பாலம் போல இருக்கும். ஐம்பது ஆண்டாக ரசிகர்கள் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

2002 படத்தில் குவீன்ஸ்பரோ பாலத்தின் மேல் பீட்டர் காதலிக்கும் மேரி ஜேனையும் குழந்தைகள் நிறைந்த கம்பிவடப் பெட்டியையும் பிடித்துக்கொண்டு எதைக் காப்பாற்றுவாய் என்று கேட்கிறான் கிரீன் காப்ளின். பீட்டர் இரண்டையும் காப்பாற்றிவிடுகிறான். அல்டிமேட் தொடரிலும் பாலத்திலிருந்து வீசப்படும் மேரி ஜேன் பிழைத்துக்கொள்கிறாள். க்வென்னுக்கு நடந்ததை மேரி ஜேனுக்கு மாற்றி, சாவை மட்டும் கழித்துவிட்டார்கள். அதனால் அந்தப் படத்து மேரி ஜேன் காமிக்ஸின் இரண்டு பெண்களின் கலவையாகிறாள். 42ஆம் இதழில் கதவைத் திறந்ததும் பீட்டரைத் திணறடிக்கும் அந்தத் துள்ளல் அவளிடம் இல்லை.

2014 படத்தில் க்வென் சாவது அப்படியே காமிக்ஸ்தானே?

விளைவு அதேதான், காரணம் வேறு. காமிக்ஸில் பீட்டரின் வலை அவள் காலைப் பிடித்து நிறுத்துகிறது. கழுத்தருகே 'ஸ்னாப்' என்று ஒரு சின்ன ஒலிக்குறிப்பு. விழும் வேகம் திடீரென்று நின்ற அதிர்வில் கழுத்து முறிந்தது என்று 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் ஆசிரியர் குழுவே விளக்கியது. ஆக, காப்பாற்ற அவன் வீசிய வலையே அவளைக் கொன்றது. இத்தனை கொடுமையான முடிவை அன்றைய அமெரிக்க சூப்பர்ஹீரோ இதழ்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

படத்தில் இடம் மணிக்கூண்டு. வலை அவள் வயிற்றுப் பகுதியைப் பிடிக்கிறது, ஆனால் ஒரு கணம் தாமதமாக. தலை தரையில் மோதுகிறது. வலை கொன்றது என்பது, வலை எட்டவில்லை என்று ஆகிறது. வில்லனும் காமிக்ஸின் கிரீன் காப்ளினான நார்மன் இல்லை, அவன் மகன் ஹாரி. காமிக்ஸில் ஹாரி காப்ளின் ஆவது அதற்கு அடுத்த ஆண்டு, 136ஆம் இதழில். 'நோ வே ஹோம்' படத்தில் இந்தக் கார்ஃபீல்ட், விழும் எம்.ஜே.வைத் தாவிப்போய்க் கைகளால் அணைத்துப் பிடிக்கிறான். க்வென்னின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த அணைப்பின் கனம் தெரியும்.

கறுப்பு உடை போட்டால் பீட்டர் கெட்டவனாகிவிடுவான் என்பது காமிக்ஸில் உண்டா?

1984இல் வந்த மூலக்கதையில் இல்லை. வேற்றுக்கிரகப் போர்க்களம் ஒன்றில் கிடைத்த உடை அது. அவன் தூங்கும்போது அவன் உடம்பை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் ஊர் சுற்றும். காலையில் காரணம் தெரியாத களைப்போடு எழுவான். உயிருள்ள பொருள் என்று கண்டுபிடித்துப் பிரித்தெடுப்பவர் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ரீட் ரிச்சர்ட்ஸ். உடை அவன் குணத்தை முரடாக்குகிறது என்ற கருத்தைப் பரவலாக்கியது 1994இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர். 2007 படம் அங்கிருந்துதான் எடுத்தது. உடையைப் பிரிக்கும் தேவாலய மணியோசை மட்டும் காமிக்ஸிலிருந்து வந்தது.

2018 வெனம் படத்தில் மார்பில் சிலந்திச் சின்னம் ஏன் இல்லை?

மேலே சொன்ன கறுப்பு உடை உயிரி, எடி ப்ராக் என்பவனோடு சேர்ந்து உருவாகும் வில்லன்தான் வெனம். அந்தச் சின்னம் ஸ்பைடர்மேன் உடலில் இருந்தபோது அந்த உயிரி எடுத்துக்கொண்டது. படத்தின் கதையில் ஸ்பைடர்மேனே இல்லை, சின்னம் வர வழியும் இல்லை. 2015இல் சோனியும் மார்வெல் ஸ்டுடியோஸும் செய்த உடன்பாட்டுப்படி பீட்டர் மார்வெல் படங்களில் வந்துகொண்டிருந்தான். சோனி வெனத்தைத் தனியாக எடுத்தது. ஸ்பைடர்மேன் மீதான வெறுப்பே எடி ப்ராக்கின் உயிர். அதை எடுத்த பிறகு, ஒரே உடம்பில் சண்டை போடும் இரண்டு பேரின் நகைச்சுவையாகக் கதை மாறியது.

வில்லன்களை ஏன் பாவப்பட்டவர்களாக்குகிறார்கள்?

இரண்டு மணி நேரப் படத்தில் வில்லனுக்கு ஒரே தடவைதான் வாய்ப்பு. காமிக்ஸில் டாக்டர் ஆக்டோபஸ் 1963இலிருந்து திரும்பத் திரும்ப வருபவர்; குணம் மெல்லத் திரளும். 2004 படம் அவருக்கு மனைவியையும், உடலோடு ஒட்டிய இயந்திரக் கைகளைக் கட்டுப்படுத்தும் சில்லையும், கடைசியில் தியாகத்தையும் கொடுத்தது. சில்லு உடைந்ததும் கைகள் அவரை ஆட்டிவைக்கின்றன. இது முழுக்கப் புதிதும் இல்லை: மூன்றாம் இதழிலேயே, விபத்தில் மூளை பாதிக்கப்பட்டதாக மருத்துவர்கள் பேசுகிறார்கள். ஆனால் காமிக்ஸில் கைகள் அவர் சொல்வதைக் கேட்கும்; ஆணவம் அவருடையது.

வல்ச்சர் மாற்றம் நன்றாக வந்தது. காமிக்ஸில் கூட்டாளியால் ஏமாற்றப்பட்ட முதிய பொறியாளர். 2017 படத்தில் இடிபாடு அகற்றும் ஒப்பந்தம் பறிபோன குடும்பஸ்தர், பீட்டருக்குப் பிடித்த பெண்ணின் அப்பா. காரில் அழைத்துப் போகும்போது பீட்டர் யார் என்று அவர் கண்டுகொள்ளும் காட்சி எந்த இதழிலும் இல்லை. ஆனால் முகமூடிக்குப் பின்னால் இருப்பவன் தெரிந்தவனாக இருந்தால் என்ன ஆகும் என்ற பயம் அச்சு அசல் காமிக்ஸ்.

ஸ்பைடர்மேனைத் தூற்றும் பத்திரிகை ஆசிரியர் ஜேம்சன்?

ஜே.கே. சிம்மன்ஸ் நடித்ததுதான் எல்லாப் படங்களிலும் மிகச் சரியான பொருத்தம். விட்டுப்போனது ஒன்று: 10ஆம் இதழில் ஜேம்சன் தனிமையில், ஸ்பைடர்மேன் தன்னலமில்லாதவன், எனக்கு அவனைப் பார்த்துப் பொறாமை என்று ஒப்புக்கொள்வார். அந்தப் பக்கத்தைப் படமாக்கியிருக்க வேண்டும்.

'ஸ்பைடர்மேன் 2' படத்தில் உடையைக் குப்பைத்தொட்டியில் போடும் காட்சி?

1967 ஜூலை, 50ஆம் இதழ். ஜான் ரொமிட்டா வரைந்த சட்டகம் அப்படியே. சக்தி மங்குவது வேறு இடத்திலிருந்து: 1964இன் முதல் ஆண்டு மலரில் மனச்சுமையால் பீட்டருக்குச் சக்தி போகிறது. இரண்டையும் இணைத்ததில் திரைக்கதை காமிக்ஸைவிட இறுக்கமாக அமைந்தது. திரும்பிவரும் காரணத்தில்தான் இழப்பு. 50ஆம் இதழில், பென்னைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு முதிய காவலாளியைக் காப்பாற்றும்போது பீட்டருக்குத் தான் ஏன் தொடங்கினோம் என்பது நினைவுக்கு வருகிறது. படத்தில் முழுதாகத் திரும்பவைப்பது மேரி ஜேன் கடத்தப்படுவது.

'ஹோம்கமிங்' படத்தில் இடிபாட்டைத் தூக்கும் காட்சி எங்கிருந்து வந்தது?

33ஆம் இதழ், 1966. டிட்கோ பக்கம் பக்கமாக, சட்டகங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போய் வரைந்த காட்சி. படத்தில் தண்ணீரில் பாதி முகமும் பாதி முகமூடியும் தெரிவதும் டிட்கோவின் உத்திதான். காட்சிக்கு இவ்வளவு விசுவாசம். ஆனால் காமிக்ஸில் எட்டும் தூரத்தில் கிடப்பது மே ஆன்ட்டிக்கான மருந்து. அவர் நோயாளியானதே பீட்டர் கொடுத்த கதிரியக்க இரத்தத்தால். தூக்காவிட்டால் இன்னொரு சாவு அவன் கணக்கில். படத்தில் காதில் ஒலிப்பது, உடையைக் கொடுத்த அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் சொன்னது: இந்த உடை இல்லாமல் நீ ஒன்றுமில்லை என்றால் உனக்கு இந்த உடை கூடாது. குற்றவுணர்ச்சி இருந்த இடத்தில் தன்னம்பிக்கைப் பிரச்சினை வந்துவிட்டது.

ஸ்டார்க் உடை தருவதும் காமிக்ஸில் உண்டு; 2006இல், பீட்டர் மணமான ஆளாக இருக்கும்போது. படத்தில் வரும் நண்பன் நெட், பெயரைத் தவிர மற்றபடி இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸின் (கீழே வருகிறான்) தோழன் கான்கேயின் சாயல்.

'நோ வே ஹோம்' முடிவு 'ஒன் மோர் டே' கதையா?

சாயல் உண்டு. 2007இன் அந்தக் கதையில் மேயின் உயிருக்காக மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் பீட்டரும் மேரி ஜேனும் தங்கள் திருமணத்தையே கொடுக்கிறார்கள். பீட்டர் யார் என்பதும் உலகத்துக்கு மறந்துபோகிறது. வாசகர்கள் இன்னும் மன்னிக்காத கதை, ஏனென்றால் பீட்டர் இழப்பை ஏற்க மறுத்துப் பேரம் பேசுகிறான். படம் அதைத் திருப்பிப் போட்டது: மே இறந்துவிட்டார், பேரம் இல்லை, தன்னை எல்லோரும் மறக்கட்டும் என்று அவனே கேட்கிறான். கடைசியில் வாடகை அறை, கையால் தைத்த உடை, உதவிக்கு யாருமில்லை. ஹாலண்டின் பீட்டர் டிட்கோவின் பீட்டராக ஆவது மூன்றாம் படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: காமிக்ஸில் உதவாமல் நின்றதால் இழந்தான், இந்தப் படத்தில் எதிரிகளுக்கு உதவப் போனதால் இழக்கிறான். இது வேறு பாடம்.

மைல்ஸ் மொராலிஸ் படங்கள்?

மைல்ஸ், பீட்டருக்குப் பின் ஸ்பைடர்மேன் ஆகும் சிறுவன்; 2011இல் அல்டிமேட் தொடரின் பெண்டிஸும் ஓவியர் சாரா பிச்செல்லியும் உருவாக்கியவன். காமிக்ஸில் சித்தப்பா ஆரன், மைல்ஸின் சக்தியைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்த மிரட்டுகிறார். இருவரும் மோதும்போது அவர் ஆயுதம் வெடித்துச் சாகிறார், நீயும் என்னைப் போலத்தான் என்ற சொல்லோடு. 2018இன் 'இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் முகமூடிக்குள் மைல்ஸைப் பார்த்ததும் கை தளர்ந்து, வில்லன் கிங்பின்னால் சுடப்படுகிறார். படம் மென்மையானது, காமிக்ஸ் கசப்பானது. அச்சுப் புள்ளிகள், எண்ணக் கட்டங்கள் என்று காமிக்ஸின் தோற்றத்தை இவ்வளவு தூரம் திரைக்குக் கொண்டுவந்த படம் அதற்கு முன் இல்லை. விநாடிக்கு 24 சட்டகத்தில், பழகாத மைல்ஸை 12 நிலைகளாகவும் தேர்ந்த பீட்டரை 24 நிலைகளாகவும் அசைத்ததால், இருவரும் சேர்ந்து பாயும்போது மைல்ஸ் தடுமாறுவது கண்ணுக்கே தெரிகிறது.

பவித்ர் பிரபாகர் அசலில் எப்படி இருந்தான்?

2004இல் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் உருவாக்கிய இந்திய ஸ்பைடர்மேன். கிராமத்திலிருந்து மும்பைக்குப் படிக்க வந்தவன்; யோகி ஒருவர் சக்தி தருகிறார்; உடையில் வேட்டி. மாமா பீம், அத்தை மாயா என்று மூலக்கதையின் நகலாகவே எழுதப்பட்டவன். 2023இன் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' உடையையும் தலைமுடியையும் மாற்றி, 'மும்பாட்டன்' நகரைக் கொடுத்து, வாழ்க்கையை ரசிக்கும் பையனாக்கியது. விசுவாசம் குறைவு, ஆள் நிறைவு. எங்களுக்குப் படத்துப் பவித்ரையே பிடிக்கிறது.

லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் இவன்தானா?

இல்லை. சிவகாசியிலிருந்து 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழில் தந்த ஸ்பைடர், 1965இல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவர். குற்ற உலகின் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பிறகு நல்லவர் பக்கம் வந்தவர். ரெக் பன் வரைந்தார். எழுதியவர்களில் சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் உண்டு. சிலந்தி கடிக்கவில்லை, பீட்டரோடு எந்த உறவும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க எதை, எந்த வரிசையில் படிப்பது?

மார்வெல் அன்லிமிடெட் செயலியிலோ தொகுப்பு நூல்களிலோ இவை கிடைக்கும். முதலில் 'அமேசிங் ஃபேண்டஸி' 15. பிறகு 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 31–33 படித்துவிட்டு 'ஹோம்கமிங்'. முதல் ஆண்டு மலரும் 50ஆம் இதழும் படித்துவிட்டு 'ஸ்பைடர்மேன் 2'. அடுத்து 121–122, அதற்குப் பின் 2002 படத்தையும் 2014 படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். 122இல் கடைசிப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள்: துக்கத்தில் பீட்டர் மேரி ஜேனைக் கடுமையாகப் பேசி விரட்டுகிறான், வாசல்வரை போனவள் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு அங்கேயே இருக்கிறாள். காமிக்ஸின் மேரி ஜேனைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பக்கம் போதும். 'ஸ்பைடர்வெர்ஸ்' இரண்டாம் பாகத்துக்கு முன் 1970இன் 90ஆம் இதழைப் படியுங்கள். க்வென்னின் அப்பா கேப்டன் ஜார்ஜ் ஸ்டேசி ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் இடிபாட்டுக்குள் சாவது அதில்தான். படத்தில் மைல்ஸ் எதை எதிர்த்து நிற்கிறான் என்பது அப்போது விளங்கும்.